எனக்காகப் பரீட்சை எழுத வந்த கை

கொடுவாள் என் கையில விழுந்தப்ப வலி தெரியலை. சூடு மட்டும்தான் தெரிஞ்சுது. கீழ பார்த்தேன். என் நாலு விரலும் கடலைக்காட்டு மண்ணுல கிடந்துச்சு. மோதிர விரல்ல மோதிரம் அப்படியே இருந்துச்சு. அதைப் பார்த்த பிறகுதான் கத்தினேன்.

அம்மையப்பனை நம்பி வாழற எல்லாருக்கும் வணக்கமுங்க. என் பேரு தாரணி. திருச்செங்கோட்டுக்கு வடக்கால ஒரு சின்ன ஊரு எங்களுது. இது நடந்து மூணு வருஷம் ஆச்சு. ஆடி மாசம், வெள்ளிக்கிழமை, காலையில எட்டு மணி இருக்கும். நான் அப்ப பி.எஸ்ஸி. வேதியியல் ரெண்டாம் வருஷம். காலேஜ் பஸ்ஸுக்குக் கிளம்பி, எங்க கடலைக்காட்டு வழியா நடந்துட்டு இருந்தேன்.

வெட்டினது வேத்தாளு இல்லைங்க. செத்துப்போன எங்க பெரியப்பாவோட மகன், குமரேசன். ரிக் லாரியில போர்வெல் போட வடக்க போயிட்டு ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஊருக்கு வருவான். எங்க காட்டுக்கும் அவங்க காட்டுக்கும் நடுவுல ஒரு வண்டித்தடம். அது யாருக்குன்னு எங்கப்பாவுக்கும் அவனுக்கும் தகராறு. அன்னைக்குத் தடத்துல அவன் வெட்டிப் போட்டிருந்த முள்ளை எங்கப்பா எடுத்து ஓரமாப் போட்டுட்டு இருந்தாரு. அவன் பின்னாடி இருந்து வந்து அப்பாவோட கழுத்தைப் பார்த்து ஓங்கினான். நான் குறுக்க கையை நீட்டினேன். யோசிச்சு நீட்டலைங்க. நீட்டிட்டேன், அவ்வளவுதான்.

ஈரோட்டுல ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க. யாரோ விரலை எல்லாம் ஈரத்துண்டுல சுத்திக் குடுத்துவிட்டிருந்தாங்க. டாக்டருங்க பகல் பூராத் தைச்சாங்க. ஆறாம் நாள் விரல் கருத்துப்போச்சு. திரும்பவும் எடுத்துட்டாங்க. வலது கையில இப்ப கட்டை விரல் மட்டும்தான்.

குமரேசன் ரெண்டே மாசத்துல ஜாமீன்ல வந்துட்டான். எங்க ஊட்டு முன்னால பைக்கை நிறுத்தி ஹாரன் அடிப்பான். ஒருநாள் நான் வாசல்ல நின்னப்ப, "இன்னொரு கை மிச்சம் இருக்குதல்லோ?"ன்னு கேட்டுச் சிரிச்சான். எங்கம்மா என்னை உள்ள இழுத்துக் கதவைச் சாத்தினாங்க. அவன் கல்லை எடுத்துக் கதவுல எறிஞ்சான். அந்த வடு இன்னும் கதவுல இருக்குது.

தலை பின்ன முடியாது. சோறு பிசைய முடியாது. பேனா பிடிக்க முடியாது. பருத்திக்கு அடிக்கிற மருந்து டப்பாவை ஒருநாள் எடுத்தேன். ஒத்தைக் கையில மூடியைத் திறக்க முடியலை. அதுக்கும் லாயக்கில்லாமப் போயிட்டேனேன்னு அழுதேன். இதைச் சொல்ல எனக்கு வெக்கம் இல்லைங்க. அந்த நிலைமையில இருக்கிற யாராவது இதைப் படிக்கலாம். அவங்க பக்கத்துல இருக்கிற ஒருத்தர்கிட்டயாவது வாய் விட்டுச் சொல்லோணும். நான் எங்கம்மாகிட்ட சொன்னேன். அதனாலதான் இருக்கேன்.

கார்த்திகையில செமஸ்டர் பரீட்சை வந்துச்சு. மாற்றுத்திறனாளி அட்டை வாங்கிட்டுக் காலேஜ் தேர்வுப் பிரிவுக்குப் போனேன். நான் சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆள் வேணும், நேரம் கொஞ்சம் கூடுதலா வேணும்னு மனு குடுத்தேன். அங்க இருந்த சார் என் கையைப் பார்க்கவே இல்லை.

"இடது கை நல்லாத்தானேம்மா இருக்குது? பழகிக்க வேண்டியதுதானே?"

"நாலு மாசந்தானுங்க சார் ஆச்சு. இன்னும் எழுத்தே வர மாட்டேங்குது."

"அப்ப அடுத்த வருஷம் எழுது. உனக்குக் குடுத்தா நாளைக்குக் கை சுளுக்குனவன் எல்லாம் வந்து நிப்பான்."

வெட்டினவன் ஒரு தடவைதான் வெட்டினான். அந்த சார் நாலு தடவை நடக்க விட்டு, நாலு தடவையும் அதையேதான் சொன்னாரு. அஞ்சாவது தடவை எங்க துறைத் தலைவி மேடம் கூட வந்தாங்க. எழுத ஆள் குடுக்கோணும்னு சொல்ற அரசாணையை அச்செடுத்துக் கொண்டுவந்து அவரு மேசை மேல வெச்சாங்க.

"இது நீங்க பார்த்துப் போடற பிச்சை இல்லைங்க சார். இந்தப் புள்ளையோட உரிமை. முடியாதுன்னா முடியாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

அவரு அப்பத்தான் மனுவை எடுத்துப் படிச்சாரு. தனி அறை, ஒரு மணி நேரம் கூடுதல், எழுத ஒரு ஆள். ஆனா எழுதற ஆளை நாங்களே கூட்டிட்டு வரோணும். என்னை விடக் கம்மியாப் படிச்சவங்களா இருக்கோணும். வேதியியல் படிச்சிருக்கக் கூடாது.

எங்க ஊட்டுக்கு மூணாவது ஊட்டுல கீர்த்தனான்னு ஒரு புள்ளை, பிளஸ் டூ முடிச்சவ. வாரேன்னு சொன்னா. ரெண்டு வாரம் ரெண்டு பேரும் உட்கார்ந்து பழகினோம். பரீட்சைக்கு ரெண்டு நாள் முன்னாடி காலையில அவங்க ஊட்டு வாசப்படியில ரத்தம். அவங்க ஆசையா வளர்த்த மேச்சேரி ஆட்டுக்கிடாவோட தலையை அறுத்துப் படியில வெச்சிருந்தாங்க. உடம்பு பட்டியிலயே கிடந்துச்சு. யாரு செஞ்சதுன்னு ஊருக்கே தெரியும். யாரும் வாயைத் திறக்கலை.

கீர்த்தனாவோட அப்பா என்கிட்ட வந்து கையெடுத்துக் கும்பிட்டாரு. "எங்களை உட்ரு சாமி. எனக்கு ஒரே புள்ளை."

அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன். யாரா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாங்க.

அடுத்த நாள் சாயங்காலம் எங்கம்மாவோட அம்மையப்பன் இருக்கிற திருச்செங்கோட்டு மலைக்குப் போனேன். முழுசா ஏற உடம்புல தெம்பு இல்லை. அறுபதாம்படிகிட்ட உட்கார்ந்துட்டேன். அந்தப் படியில நின்னு பொய் சொன்னா அம்மையப்பன் விட மாட்டாருன்னு எங்க பக்கம் எல்லாருக்கும் பயம். சண்டை சச்சரவுக்கு அங்க வந்துதான் சத்தியம் பண்ணுவாங்க. நான் அங்க உட்கார்ந்து நல்லது எதுவும் கேட்கலைங்க. இதை மறைச்சா இந்தச் சாட்சிக்கே அர்த்தம் இல்லை. "அவன் கையை எடுத்துடு. மணிக்கட்டோட எடு. அவனும் மண்ணுல கிடந்து துடிக்கோணும், அதை நான் பார்க்கோணும்"னு கேட்டேன். கேட்டுக் கேட்டுத் தொண்டை கட்டிப்போச்சு. கடைசியில எந்திரிக்கும்போதுதான், "நாளைக்கு எழுத எனக்கு ஒரு ஆளைக் குடு"ன்னு வாயில வந்துச்சு. அதை நம்பிக்கையோட கேட்கலை. சலிச்சுப்போய்க் கேட்டேன்.

மறுநாள் பத்து மணிக்குப் பரீட்சை. எழுத ஆள் இல்லாமத்தான் எங்கம்மாவோட போனேன். இடது கையில முடிஞ்ச வரைக்கும் கிறுக்கலாம்னு மேடம் சொன்னாங்க. ஒன்பதரை மணிக்குக் காலேஜ் கேட் பக்கம் ஒரே சத்தம். வாட்ச்மேன் ஒரு புள்ளையை உள்ள விட மாட்டேன்னு தடுத்துட்டு இருந்தாரு. கால்ல செருப்பு இல்லை. கீழ் உதடு கிழிஞ்சு ரத்தம் தாவணியில வடிஞ்சிருந்துச்சு. ஒரு கண்ணு வீங்கி மூடியே போச்சு. கிட்டப் போன பிறகுதான் அடையாளம் தெரிஞ்சுது.

நந்தினி. குமரேசனோட கூடப் பொறந்த தங்கச்சி.

எங்கம்மா என்னைப் பின்னாடி தள்ளிட்டு, "இன்னும் என்னடி மிச்சம் இருக்குது உங்களுக்கு?"ன்னு கத்தினாங்க.

அவ எங்கம்மாவைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்து, "நான் எழுதறேன்க்கா"ன்னா. பிளாஸ்டிக் கவர்ல பிளஸ் டூ மார்க் ஷீட்டும் ஆதாரும் வெச்சிருந்தா. "அம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். அண்ணன் கேட்டுட்டான். பெல்ட்டைக் கழட்டி அடிச்சான். அம்மா அவனை ரூமுக்குள்ள தள்ளி வெளியில தாப்பாள் போட்டுட்டு, ஓடு அம்மிணின்னு சொல்லிச்சு."

"நீ எதுக்கு வந்தே?"ன்னு கேட்டேன். எனக்கு அப்பவும் கோபந்தான்.

அவ அழுதா. "அன்னைக்கு மண்ணுல கிடந்த உன் விரலைப் பொறுக்கித் துண்டுல சுத்துனது நாந்தான்க்கா. ஒண்ணொண்ணா எண்ணிப் பொறுக்குனேன். அதுல இருந்து கண்ணை மூடினா அதுதான் வருது. என்னை எழுத உடு."

மேடம் அவ மார்க் ஷீட்டை வாங்கிட்டுத் தேர்வுப் பிரிவுக்கு ஓடினாங்க. அவசரத்துக்கு ஆளை மாத்திக்க விதி இருக்குதுன்னு சொல்லி அதே சார்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வந்தாங்க. அவரு இந்தத் தடவை நந்தினி மூஞ்சியைப் பார்த்துட்டு ஒண்ணும் கேட்கலையாம்.

கீழ்த்தளத்துல ஒரு சின்ன அறை. நான், நந்தினி, கண்காணிக்க ஒரு மேடம். அவ பிளஸ் டூவுல வணிகவியல் குரூப். வேதியியல் ஒரு எழுத்தும் தெரியாது.

"ஆறு பக்கம் வர்ற மாதிரி ஒரு கட்டம் போடு. உள்ள ஒரு வட்டம். மேல் முனையில ஒரு கோடு இழுத்து, சி ஹெச் மூணுன்னு எழுது. மூணு சின்னதாக் கீழ இருக்கோணும்."

அவ பல்லைக் கடிச்சுட்டு ஒத்தைக் கண்ணுல பார்த்து வரைஞ்சா. ஒரு மணி நேரம் போச்சு. ஜன்னலுக்கு வெளிய பைக் சத்தம் கேட்டுச்சு. நந்தினியோட பேனா நின்னுச்சு. எங்க ரெண்டு பேருக்குமே அந்தச் சத்தம் தெரியும்.

குமரேசன் ஊட்டுத் தாப்பாளை உடைச்சு, காலேஜ் சுவரேறிக் குதிச்சு வந்துட்டான். "வெளிய வாடி!"ன்னு ஒரு குரல். அடுத்த நொடி ஜன்னல் கண்ணாடி மொத்தமும் எங்க மேல கொட்டுச்சு. கையில கடப்பாரை வெச்சிருந்தான். ஜன்னல் கம்பியை அடிச்சு வளைச்சான். ஒரு கண்ணாடிச் சில்லு நந்தினியோட நெத்தியில இறங்கிடுச்சு. கண்காணிக்க வந்த மேடம் மேசையை இழுத்து ஜன்னலுக்கு முட்டுக் குடுத்து, அதுமேல சாஞ்சு நின்னுட்டாங்க. வெளிய வாட்ச்மேனும் காலேஜ் பஸ் டிரைவருங்க நாலஞ்சு பேரும் ஓடி வந்தாங்க. கடப்பாரை ஒரு டிரைவரோட தோள்ல விழுந்து எலும்பு முறிஞ்ச சத்தம் உள்ள வரைக்கும் கேட்டுச்சு. அப்பறம் அவனைக் கீழ போட்டு மிதிக்கிற சத்தம். அவன் கதறுற சத்தம்.

நான் கேட்டது அதைத்தானுங்க. முந்தின நாள் படியில உட்கார்ந்து கேட்டது அந்தக் கதறலைத்தான். இப்பக் கேட்குது. எனக்குச் சந்தோஷம் வரலை. பக்கத்துல அவன் தங்கச்சி நெத்தியில ரத்தத்தோட உட்கார்ந்திருக்கா. விடைத்தாள்ல ரெண்டு சொட்டு விழுந்திருக்குது. ஓடிப்போய் ஜன்னல்கிட்ட நின்னு, "அடிக்காதீங்க, கட்டிப் போடுங்க, அது போதும்"னு கத்தினேன். நானா கத்தினேன்னு இன்னைக்கும் எனக்கு ஆச்சரியமா இருக்குது.

போலீஸ் வந்து கூட்டிட்டுப் போனாங்க. கண்காணிக்க வந்த மேடம் பரீட்சையை நிறுத்திடலாமான்னு கேட்டாங்க. நந்தினி நெத்தியில கைக்குட்டையைக் கட்டிட்டு, "அக்காவுக்கு இன்னும் நேரம் இருக்குதல்லங்க மேடம்?"ன்னு கேட்டா. அந்தக் கூடுதல் ஒரு மணி நேரத்துலதான் நாங்க மிச்சம் எல்லாம் எழுதினோம். அதுவும் இல்லாமப் போயிருந்தா நான் அன்னைக்குத் தோத்திருப்பேன்.

அந்த செமஸ்டர் அத்தனை பேப்பரும் நந்தினிதான் எழுதினா. அத்தனையும் பாஸ். குமரேசனோட ஜாமீனை ரத்து பண்ணிட்டாங்க. கேஸ் இன்னும் நடக்குது. நந்தினி கோர்ட்டுல ஏறி, கண்ணால பார்த்ததைச் சொன்னா. பெரியம்மாவும் சொன்னாங்க. பெத்த மகனுக்கு எதிரா ஒரு தாய் நின்னு சொல்றது எவ்வளவு கனம்னு அன்னைக்குப் பார்த்தேன். சொல்லிட்டு வெளிய வந்து எங்கம்மா தோள்ல சாஞ்சு அழுதாங்க.

தோள் முறிஞ்ச டிரைவர் அண்ணன் குணமாகித் திரும்ப வண்டி ஓட்டறாரு. அவரை நினைக்காம நான் சாமி கும்பிடறதில்லை.

நான் இப்ப எம்.எஸ்ஸி. படிக்கிறேன். நந்தினியை அவ அண்ணன் பிளஸ் டூவோட நிறுத்தியிருந்தான். இப்ப அவளும் அதே காலேஜ்ல சேர்ந்துட்டா. எங்க காலேஜ்ல மாற்றுத்திறனாளிகளுக்கு எழுத ஆள் தேடி இனி யாரும் அலைய வேண்டாம்னு ஒரு பட்டியல் வெச்சிருக்காங்க. போன செமஸ்டர்ல பார்வை இல்லாத ஒரு பொண்ணுக்குப் பரீட்சைக்கு ஒரு வாரம் முன்னாடியே ஆள் கிடைச்சிருச்சு.

குமரேசனை மன்னிச்சிட்டியான்னு கேட்கறாங்க. இல்லைங்க. பொய் சொல்ல மாட்டேன். ஆனா அவனுக்குக் கெடுதல் கேட்கறதை நிறுத்திட்டேன். அதுவே எனக்குப் பெரிய விடுதலை. இப்ப ராத்திரி தூக்கம் வருது.

இதைப் படிக்கிற நீங்க என்ன கஷ்டத்துல இருக்கீங்களோ எனக்குத் தெரியாது. மனசு சுத்தமான பிறகு கேட்கலாம்னு காத்திருக்க வேண்டாம். கோபமா இருந்தா கோபத்தோடயே போய்க் கேளுங்க. அம்மையப்பன் அதையும் காது குடுத்துக் கேட்பாரு. உதவி எந்த ஊட்டுக் கதவுல இருந்து வரோணும்னு மட்டும் நீங்களா முடிவு பண்ணிடாதீங்க.