தொப்புள்கொடி ரத்தம்

ஏழாம் மாதம் பெங்களூரில் ஸ்கேன் எடுக்கப் போனபோதுதான் அந்தப் பெண் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பின்னாளில் வியாதி வந்தால் சிகிச்சைக்கு உதவும் என்று தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வைக்கும் ஒரு கம்பெனியின் ஆள். சிரித்த முகம்.

"குழந்தை பொறந்த அந்தக் கொஞ்ச நேரத்துலதான் எடுக்க முடியும் மேடம். விட்டா திரும்பக் கிடைக்காது" என்றாள். பிறகு, "உங்க ரெண்டு பேர் குடும்பத்துலயும் யாருக்காவது ரத்த சம்பந்தமான வியாதி இருந்திருக்கா?" என்று கேட்டாள்.

நான் இல்லை என்றேன். என் கணவர் எழுந்து டோக்கன் நம்பரைப் பார்க்கப் போனார்.

கோலார் தங்க வயலுக்குத் திரும்பும் ரயிலில்தான் சொன்னார். அவருக்கு முன்னால் ஓர் அண்ணன் இருந்தானாம். சின்ன வயதிலேயே செத்துப்போனான். எதனால் என்று வீட்டில் யாரும் பேசியதில்லை. எங்கள் வீட்டுச் சுவரில் அப்படி ஒரு பிள்ளையின் படம்கூட இல்லை.

வீட்டுக்கு வந்தபோது மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டுத் தூசி காற்றில் வருகிறதென்று ஜன்னல்களைச் சாத்தியிருந்தார். கணவர் கேட்டதும் அவர் கை நின்றது.

"இன்னாத்துக்கு இப்ப அதெல்லாம்?"

"டாக்டராண்ட சொல்லணும்மா."

"ஒடம்பெல்லாம் நீலம் நீலமா கட்டிச்சி. எவனோ அடிச்சிட்டான்னு நான் ஸ்கூலுக்குப் போயி சண்ட போட்டேன். அப்புறம் ஈறுல ரத்தம். நிக்கவேயில்ல. ஒடம்புல ரத்தம் ஊறலன்னு வேலூர்ல சொன்னாங்க." என் வயிற்றைப் பார்க்காமல், "நீ வாயும் வயிறுமா கீறப்ப சொல்ல வேணாம்னு இருந்தேம்மா" என்றார்.

அதற்குப் பிறகு என் கணவருக்கு நிதானமே இல்லை. சேமித்தே ஆக வேண்டும் என்றார். நானும் சரி என்றேன். கம்பெனியிலிருந்து ரத்தம் பிடிக்கும் பையுடன் ஒரு பெட்டி வந்தது. பீரோ மேல் வைத்தோம். குழந்தைக்கென்று வீட்டுக்குள் வந்த முதல் சாமான் அதுதான்.

அடுத்த செக்கப்பில் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம்.

"அது பரம்பரையா வந்ததான்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது. பரம்பரையா இருந்து இந்தக் குழந்தைக்கும் வந்தா, கொடி ரத்தத்துலயும் அதே கோளாறு இருக்கும். அத வெச்சு இந்தக் குழந்தையையே குணப்படுத்த முடியாது. கூடப் பொறக்குற குழந்தைக்கு வேணா பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம்."

"அப்ப இன்னா பண்றது டாக்டர்?" என்றார் கணவர்.

"கொடியை உடனே கட் பண்ணாம விட்டா, அந்த ரத்தம் குழந்தைக்கே போய்ச் சேரும். நான் அதத்தான் சொல்லுவேன். முடிவு உங்களோடது."

வெளியே வந்ததும் நான்தான் சொன்னேன்: "அதோட ரத்தம் அதுக்கே போகட்டும்." அவர் தலையாட்டினார். ஆனால் பெட்டியைத் திருப்பி அனுப்பக் கூரியர்காரரிடம் கொடுத்துவிட்டு வெகுநேரம் வாசலிலேயே நின்றார்.

பெண் குழந்தை பிறந்தது. கொடியின் துடிப்பு அடங்கும்வரை டாக்டரம்மா காத்திருந்தார். நல்ல நிறம், நல்ல அழுகை. ரத்தப் பரிசோதனையிலும் குறையில்லை. "இப்போதைக்கு" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னார்.

இப்போது அவள் நடக்கிறாள். தினமும் காலையில் மாமியார் அவளை ஜன்னலோரம் தூக்கிப்போய், கீழிமையை விரலால் இறக்கி உள்ளே சிவப்பைப் பார்ப்பார். இன்று வெகுநேரம் பார்த்தார்.

"வெளிச்சம் பத்தல" என்று சொல்லிவிட்டு அவளை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போனார். ஜன்னலில் நல்ல வெயில் இருந்தது.

நாளைக்குக் கணவர் லீவு போட்டிருக்கிறார். கோலார் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்க் குழந்தைக்கு ரத்தம் பரிசோதிக்க வேண்டும்.