பதினேழாம் பக்கத்தைத் தெளிவாக்கினேன்

2008-ல் சிதம்பரத்தில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். மங்கலான பத்திரம் எது வந்தாலும் என் கடைக்குத்தான் அனுப்புவார்கள். எழுத்து விட்டுப்போன இடங்களைக் கறுப்புப் பேனாவால் தொட்டு எழுதிவிட்டுப் பிரதி எடுப்பேன். யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

அந்த வருஷம் செம்மங்குப்பம் பக்கம் கெமிக்கல் கம்பெனி நாற்றம் தாங்காமல் ஊர்க்காரர்கள் மறியல் செய்தார்கள். என் தம்பியும் அவன் சிநேகிதனும் முன்னால் நின்றார்கள். வண்டிமேல் கல் எறிந்ததாகச் சொல்லி இருவரையும் ஒரே நாளில் தடுப்புக் காவலில் போட்டார்கள். தம்பி மனைவிக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

"விசாரணை எப்ப சார்?" என்று கடலூர் வக்கீலிடம் கேட்டேன்.

"விசாரணையே கெடையாதும்மா. ஒரு வருஷம் உள்ள வச்சிருக்கலாம்."

"எமர்ஜென்சியெல்லாம் எப்பவோ முடிஞ்சிபோச்சே சார்!"

"இதுக்கு எமர்ஜென்சி எதுக்கு? சாதாரண நாள்லயே இப்படிப் புடிச்சி வைக்க அரசியல் சட்டத்துல எடம் இருக்கு. ஏன் புடிச்சோம்னு அவனுக்குத் தாள் குடுத்திருப்பாங்க. அத வாங்கிட்டு வாங்க."

சிறையில் மனு போட்டுத் தம்பியைப் பார்த்து, அந்தத் தாள்கட்டை வாங்கி வந்தேன். பதினேழாம் பக்கம் ஒரே கறுப்பு. சாட்சி சொன்ன வாக்குமூலம் அது. பாதி வரிகூடத் தெரியவில்லை. என் தம்பி கேஸில் ஒரு பக்கம் இப்படி இருப்பதா என்று எனக்கு வீம்பு வந்துவிட்டது. ஒரு மதியம் முழுக்கக் கடையைச் சாத்திவிட்டு, கறுப்பைச் சுரண்டி, வெள்ளை பூசி, எழுத்தை ஊகித்து ஊகித்து எழுதி முடித்தேன்.

மறுநாள் பெருமையாக நீட்டினேன். வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதோட ஒரிஜினல் எங்க?"

"அதான் சார் இது. அது மேலயேதான் எழுதினேன்."

"அய்யோ, என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க! படிக்க முடியாத தாளக் குடுத்தா அவன் எப்படிப் பதில் சொல்லுவான்? அவனோட உரிமை அங்கயே போச்சு. அதச் சொல்லித்தான ஆள வெளிய எடுக்கலாம்னு இருந்தேன்!"

என் கையை நானே வெட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

சிநேகிதனுக்குக் கொடுத்த தாள்கட்டிலும் அதே பக்கம் அதே கறுப்பாக இருந்தது. அவன் வீட்டில் யாரும் அதைத் தொடவில்லை. அந்தப் பக்கத்தைக் காட்டியே, உள்ளே போன நான்காம் மாதம் ஹைகோர்ட் அவனை விட்டுவிட்டது. அதே வாரம் தம்பிக்குப் பெண் பிறந்தாள். தம்பி ஒன்பதாம் மாதம்தான் வந்தான். அவன் அனுப்பிய மனுவுக்கு அதிகாரிகள் தாமதமாகப் பதில் சொன்னார்களாம், அதனால் காவல் உத்தரவு செல்லாதாம். கல் எறிந்தானா இல்லையா என்று அதுவரை எந்தக் கோர்ட்டும் கேட்கவில்லை.

வந்தவன் கையை நீட்டினான். பிள்ளை வீறிட்டு அழுது என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"நான் புது ஆளுல்லியா, அதான் அழுவுது. பழகிடும்க்கா" என்று சிரித்தான்.

அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. பதினேழாம் பக்கத்தைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

அவன் திட்டவில்லை. "நீ எழுதலன்னா நானும் அவன் கூடவே வந்திருப்பனா?"

"வந்திருப்படா. அஞ்சு மாசம் முன்னாடியே."

பிள்ளையைப் பார்த்தான். "இவ வயசு" என்றான்.