சிகாமட்டில் வராத வெள்ளம்

விவசாயப் பொறியியல் இறுதியாண்டில், சிகாமட் ஆற்றங்கரையில் அறை எடுத்துத் தங்கி மழையையும் நீர்மட்டத்தையும் அளந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் காலை ஊரில் நல்ல வெயில். ஆனால் ஆற்றின் மேல்பகுதியில் கொட்டித் தீர்த்த மழையைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாயங்காலத்துக்குள் எங்கள் வரிசை வீடுகளில் வெள்ளம் புகுந்துவிடும் என்று தோன்றியது.

வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். எல்லோரும் வானத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். பக்கத்து வீட்டு மேரி அக்கா மட்டும் நம்பினார். பக்கவாதத்தில் படுத்திருந்த கணவரைக் காரில் ஏற்றிக்கொண்டு, தம்போய் என்ற ஊரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் புறப்பட்டார். ஏற்றும்போது கணவர் வலியில் முனகியது எனக்குக் கேட்டது.

அதன்பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆற்றுக்கும் அறைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். தண்ணீர் கரையின் விளிம்புவரை ஏறியது. அங்கேயே நின்றது. பிறகு மெல்ல இறங்கிவிட்டது. வெள்ளம் வந்து என் கணக்கு சரியாகிவிடாதா என்றுகூட ஒரு கணம் மனம் ஏங்கியது.

மறுநாள் அவர்கள் திரும்பி வந்தார்கள்.

"மன்னிச்சிருங்கக்கா. அண்ணனை வீணா அலைய வெச்சிட்டேன்" என்றேன்.

"தண்ணி வரலைன்னா நல்லதுதானே லா" என்றார் அக்கா. "அடுத்த தடவையும் எங்க வீட்டுக்குத்தான் முதல்ல வந்து சொல்லணும். இவரைத் தூக்க எனக்கு நேரம் வேணும்."

இன்று வெள்ள எச்சரிக்கை தருவதே என் வேலை. வராமலும் போகலாம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆனால், தப்பாகிவிடுமோ என்று பயந்து சொல்லாமல் இருந்ததில்லை.