இளவரசனுக்கு மாமன் மகள்

டெல்லிக்கு வந்த புதிதில் எனக்கு விசித்திரமாகப் பட்டது குளிரோ சப்பாத்தியோ அல்ல, உறவுமுறைதான். பால்காரருக்கு நான் பாய் சாப், எனக்கு அவர் பையா. வங்கியில், பஸ்ஸில், காய்கறி வண்டிப் பக்கத்தில், எங்கே நின்றாலும் எல்லாரும் அண்ணன் தம்பி, அக்கா தங்கை. போகட்டும், அது மரியாதைக்கு. ஆனால் சொந்த வீட்டுக்குள்ளும் அப்படித்தான் என்று தெரிந்தபோதுதான் திகைத்தேன். இங்கே மாமன் மகளும் தங்கைதான், அத்தை மகனும் அண்ணன்தான். முறை சொல்லி வம்பிழுக்க ஒரு கொழுந்தி மருந்துக்கும் கிடையாது. ஊருக்கு எழுதிய முதல் கடிதத்தில் இதைப் பெரிய வேடிக்கையாக எழுதியிருந்தேன்.

என் மனைவி சுமதி எனக்குத் தாய்மாமன் மகள். சங்கரன்கோவிலில் எங்கள் வீடும் மாமா வீடும் ஒரே தெருவில். அவள் பிறந்த அன்றே என் அம்மா 'என் மருமக வந்துட்டா' என்று தெருவெல்லாம் சொல்லியாகிவிட்டது. ஜாதகம் பார்த்ததுகூட ஊர் வாய்க்காகத்தான். எனக்கு விமான நிலையச் சரக்குப் பிரிவில் வேலை என்பதால் துவாரகாவில் குடியேறினோம். மீனா பிறந்தாள். பதினோரு மாதம் இருந்தாள். ஊரில் மொட்டை போட வேண்டும் என்று சுமதிதான் பிடிவாதமாக நின்றாள். தை மாதக் குளிரில் ரயிலேறிப் போய்த் திரும்பினோம். திரும்பிய வாரமே பிள்ளை சுருண்டு படுத்துவிட்டது.

எல்லாம் முடிந்த பிறகு மருத்துவர் என்னை மட்டும் அறைக்குள் கூப்பிட்டு, நீங்கள் இருவரும் சொந்தமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். குளிருக்கும் பயணத்துக்கும் இதில் சம்பந்தமில்லை, பிறவியிலேயே இருந்த நோய், சொந்தத்தில் மணம் முடித்தவர்களின் பிள்ளைகளுக்குக் கூடுதலாக வரும், அடுத்த குழந்தைக்கு முன் இரண்டு பேரும் பரிசோதனைக்கு வாருங்கள் என்றார். வெளியே பெஞ்சில் சுமதி, நான்தான் பிள்ளையைக் குளிரில் தூக்கிக்கொண்டு அலைந்தேன் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். இல்லை என்று சொல்ல வேண்டியவன் நான். சொன்னால் எங்கள் கல்யாணத்தையே குற்றம் சொன்னதாகிவிடுமே, அம்மாவையும் செத்துப்போன மாமாவையும் கூண்டில் ஏற்றியதாகிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். கோழைப்பயல், வேறென்ன சொல்ல.

அப்படியே நான்கு வருடம் ஓடியது. இன்னொரு பிள்ளை என்ற பேச்சையே அவள் எடுக்கவில்லை, எனக்கும் அது வசதியாகப் போயிற்று. அவள் பேசுவது குறைந்துகொண்டே வந்து, உப்பு போதுமா, கேஸ் தீர்ந்துவிட்டது என்ற அளவில் நின்றது. ஊருக்கே போய்விடுகிறேன் என்று மாதம் ஒரு தடவை சொல்வாள். நான் கம்ப்யூட்டருக்குள் புகுந்துகொண்டேன். ஐரோப்பாவின் பழைய ராஜாக்கள் காலத்து விளையாட்டு ஒன்று. வாளைச் சுழற்றுகிற வேலையெல்லாம் அதில் கிடையாது. தேசப்படம் ஒன்று விரியும், அதில் நமக்கு ஒரு சின்ன ராஜ்யம். குறுநில மன்னர்களைச் சமாதானப்படுத்த வேண்டும், பிள்ளைகளுக்குப் பெண் எடுக்க வேண்டும், ராஜா செத்தால் மகனாக இருந்து ஆள வேண்டும். வாரிசு அற்றுப்போனால் ஆட்டம் முடிந்தது. அலுவலகத்தில் எத்தனை பேருக்குக் கற்றுக்கொடுக்கப் பார்த்தேன் தெரியுமா! அரைமணி நேரம் கொட்டாவி விட்டுவிட்டு, சண்டை எப்போது வரும் என்று கேட்டு எழுந்து போய்விடுவார்கள். நிலைத்தவர் மேல்மாடியில் இருந்த அரோரா ஒருவர்தான். ஞாயிறு காலை தவறாமல் வருவார், பாதிக்கு மேல் புரியாது, டீக்காகவாவது உட்கார்ந்திருப்பார். சுமதியைப் பாபிஜி, அதாவது அண்ணி, என்பார்.

ஒரு ஞாயிறு டீ கொண்டுவந்த சுமதி, திரையைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். நானும் விடவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டேன். பெரிய பாடமாக எடுக்காமல், இந்த மூஞ்சி தூக்கிக்கொண்டிருக்கிற மன்னன் நம் கல்யாண வீட்டில் பந்திக்கு வராமல் முறுக்கிக்கொண்டு நிற்கிற சித்தப்பா என்று வைத்துக்கொள், என்றேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். யாருக்குப் பதவி கொடுத்தால் யார் முகம் கறுக்கும் என்பதெல்லாம் எனக்கு ஆறு மாதம் பிடித்தது, அவளுக்கு ஆறு நிமிடம். மூன்று ஞாயிறுகளில் ராஜ்யம் இரட்டிப்பானது. வாரநாளில் சோறு போடும்போதே, அந்த வடக்கத்தி மன்னனை நம்பலாமா அத்தான் என்று கேட்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இனி ஊருக்குப் போகிறேன் என்று சொல்ல மாட்டாள் என்று நம்பினேன்.

நான்காவது ஞாயிறு இளவரசனுக்குப் பெண் தேடினாள். எத்தனையோ ராஜகுமாரிகள் வரிசையாக இருக்க, ஒரே நொடியில் ராணியின் அண்ணன் மகளைத் தொட்டாள். அரோரா பதறிப்போய், பாபிஜி, அவள் இவனுக்குத் தங்கையாயிற்றே என்றார். மாமா மகள் இருக்கும்போது வெளியில் பெண் எடுப்பார்களா என்று தன் அரைகுறை இந்தியில் இவள் திருப்பிக் கேட்டாள். கேலி செய்கிறாள் என்று நினைத்து அவர் விழுந்து விழுந்து சிரித்தார், அவர் சிரிக்கிறாரே என்று இவளும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. இந்த விளையாட்டில் எல்லா விதியையும் அவளுக்குச் சொல்லியிருந்தேன், ஒன்றைத் தவிர. எல்லாத் தடவையும் அப்படி ஆகிவிடாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு பேசாமல் இருந்தேன். மருத்துவமனையில் மூடிக்கொண்ட அதே வாய்தானே.

ஆட்டத்தில் ஒன்றிரண்டு வருடம் போயிருக்கும். இளவரசனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பேர் பக்கத்தில் நோயாளி என்று ஒரு குறி. கொஞ்ச நேரத்தில் குழந்தை இறந்த செய்தியும் வந்தது. சுமதி அதன்மேல் அம்புக்குறியை வைத்து, வந்த ஆங்கில வரியை வாய்விட்டுப் படித்தாள். பெற்றோர் நெருங்கிய ரத்த சம்பந்தம் என்பதுதான் அதன் சாரம். அவளுக்குப் புரியவில்லை என்று நினைத்து அரோரா இந்தியில் விளக்க ஆரம்பித்தார். இது வெறும் விளையாட்டில்லை பாபிஜி, டாக்டர்களும் இதைத்தான் சொல்கிறார்கள், அதனால்தான் நாங்கள் உறவில் கொடுப்பதில்லை என்றார். நல்ல மனிதர், அவருக்கு என்ன தெரியும். இவர் எனக்கு அத்தை மகன் என்று சுமதி அவரிடம் மெதுவாகச் சொன்னாள். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

"அத்தான், இது உங்களுக்குத் தெரியுமா?"

"எது?"

"விளையாட்டக் கேக்கல. மீனாவக் கேக்கேன்."

டாக்டர் சொன்னார் என்றேன். எப்போது என்றாள். அன்றைக்கே என்றேன். அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நாலு வருஷமா அந்த ரயில நெனச்சுல்லா அழுதுட்டு இருந்தேன். என் கையாலயே கொன்னுட்டேன்னு. நீங்க பக்கத்துல உக்காந்து பாத்துட்டுத்தான இருந்தீங்க?"

சொந்தத்தில் கல்யாணம் செய்தது எங்கள் தப்பில்லை, யாருக்குத் தெரிந்திருந்தது? அதை அவள் ஒரு சொல்கூடக் குறை சொல்லவில்லை. தெரிந்தும் சொல்லாதது என் தப்பு. வெளியூர்களில் இருக்கும் நம்மவர்களுக்குச் சொல்கிறேன்: இங்கே நமக்கு இருப்பது ஒரே ஒரு ஆள், அந்த ஆளிடம் மறைத்துவிட்டால் பேச வேறு நாதியில்லை. அடுத்த வாரம் அவளை ரயிலேற்றிவிட்டேன். அவள் அத்தான் என்று கூப்பிடுவதை நிறுத்தியிருந்தாள், ஏங்க என்றுகூடச் சொல்லவில்லை.

கொஞ்ச நாள் தாய்வீட்டில் இருந்தால் மனசு ஆறிவிடும் என்று அரோரா தேற்றினார். அவர்கள் பக்கம் கோபித்துக்கொண்டு போகிறவள் தாய்வீட்டுக்குப் போவாள். எங்களுக்கு அந்த வசதியும் இல்லை. மாமாவும் மாமியும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அந்த வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். சுமதி நேராகத் தன் அத்தை வீட்டுக்குப் போனாள். அது என் வீடு. என்னை விட்டுப் போனவள் நான் பிறந்து வளர்ந்த வீட்டில் இருக்கிறாள், எனக்குத்தான் அங்கே போக முகமில்லை.

போன ஞாயிறு போன் செய்தேன். அம்மா எடுத்தாள். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. சுமதி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்று அதிலேயே தெரிந்தது. உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது.

"யாரு அத்தை போன்ல?"

அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்.

"டெல்லியில இருந்து."