தாராவியிலிருந்து வந்த சீர்

அறுபதுகளில் மாட்டுங்காவில் ஒரு தம்பதிக்கு நான் கார் ஓட்டினேன். அவர்கள் தொழில், அடுத்தவர் தொழிலில் முதல் போடுவது. செம்பூரில் ஒரு லேத் பட்டறை, பாண்டுப்பில் ஒரு பெயிண்ட் கம்பெனி என்று, கையில் வித்தை இருந்தும் காசு இல்லாதவர்களைத் தேடிப் போய்ப் பணம் போட்டு, லாபத்தில் பங்கு வாங்கிக்கொள்வார்கள். கணக்குப் பார்ப்பது அய்யா. ஆளைப் பார்த்து முடிவு சொல்வது அம்மா. வந்த லாபத்தில் ஒரு பகுதியைக் குடும்பத்தின் பேரில் டிரஸ்டாக வைத்துத் தர்மம் செய்தார்கள்.

தாராவியில் நான் குடியிருந்த குடிசை வரிசை தீப்பிடித்து எரிந்தபோது, டிரஸ்டிலிருந்து வீட்டுக்கு வீடு கூரைத் தகரம் வந்தது. நான் கேட்கவில்லை. கேட்கிற வாய் எனக்குக் கிடையாது. என் சட்டையில் கரி நாற்றம் அடித்ததால் அம்மாவே விசாரித்துத் தெரிந்துகொண்டார்.

தகரம் ஏறியதும் அம்மா பார்க்க வந்தார். எங்கள் ஆட்கள் திருநெல்வேலிப் பக்கத்தவர்கள். கலர் சோடா வாங்கி வைத்திருந்தார்கள். அம்மா கும்பிட்டு, வேண்டாம் என்றார். கொடுத்த இடத்தில் தண்ணீர்கூட வாங்கக் கூடாது என்பது டிரஸ்டில் அவர் வைத்த சட்டம். நான் சொல்லியும் யாரும் நம்பவில்லை.

"சட்டமாம்லா சட்டம்! நம்ம கை பட்டது தொண்டையில எறங்காதுன்னு சொல்லும் கொழுந்தனாரே" என்றாள் பக்கத்து வீட்டு மதினி.

மறு வருஷம் வைகாசியில் அய்யா அம்மாவின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. எங்கள் பக்கத்தில் ஒருவர் நமக்குச் செய்தால், அவர் வீட்டு விசேஷத்துக்கு நாம் திருப்பிச் செய்தாக வேண்டும். செய்யாதவன் பிச்சை வாங்கினவன். வரிசையே சேர்ந்து ஒரு பித்தளை அண்டா வாங்கியது.

"நமக்கு அழைப்பு இல்லையே மதினி."

"அவிய மட்டும் நாம அழைச்சா தகரம் கொண்டாந்தாவ? நீரு முன்னால போயிச் சொல்லும். வாங்கலன்னா, அத்தனை தகரத்தையும் பிரிச்சி அவிய வாசல்ல போட்டுட்டு வருவோம். நனைஞ்சாலும் நம்ம மானத்தோட நனைவோம்."

சொன்னால் செய்கிறவள். மழை நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கும் சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள். ஆனாலும் முன்னால் போய் அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கல்யாணத்தன்று மண்டப வாசலில் மேளத்தோடு, தாம்பாளங்களும் அண்டாவுமாக எங்கள் ஆட்கள் வந்து நின்றார்கள். கூர்க்கா கேட்டை மறித்துவிட்டான். நான் உள்ளே ஓடினேன். பட்டுப்புடவைக் கூட்டத்துக்கு நடுவில் அம்மாவின் முன்னால் போய் நின்றேன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

"எங்க வரிசைக்காரங்க சீர் கொண்டாந்திருக்காங்கம்மா. வாங்கலேன்னா கூரையைப் பிரிச்சிடுவாங்க."

"அவா கிட்ட நாம எதுவும் வாங்கறதில்லேன்னு நீ சொல்லலையாப்பா?"

"சொன்னேம்மா. அவங்க கை பட்டதைத் தொடமாட்டீங்கன்னு நெனைக்கறாங்க."

அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. பக்கத்தில் நின்ற அய்யா சொன்னார்: "பட்டறைக்காரன் பங்கு கொண்டுவந்தா கை நீட்டி வாங்கிக்கறே. இவா கொண்டுவந்தா மட்டும் என்ன?"

"அது முதல் போட்டது. இது தர்மமாச்சேன்னா!"

"அது உன் கணக்கு. அவா கணக்கு வேறயா இருக்கே."

அம்மா வாசலுக்கு நடந்தார். கூர்க்காவை விலகச் சொல்லிவிட்டு, அண்டாவை இரண்டு கையாலும் வாங்கினார். கனத்தில் தடுமாறினார்.

"ஒத்தையில தூக்காதிய, இடுப்புப் பிடிச்சிக்கிடும்" என்று மதினி மறுபக்கம் பிடித்தாள். இருவருமாகத் தூக்கிக்கொண்டே உள்ளே போனார்கள். எங்கள் ஆட்கள் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்தார்கள்.

சீர் வாங்கினால் உறவுமுறை வந்துவிடும், அழைத்தால் போயாக வேண்டும். அது அம்மாவுக்குத் தெரியாது. அதன்பின் எங்கள் வரிசையில் காதுகுத்து, சடங்கு, கல்யாணம் எதுவானாலும் முதல் பத்திரிகை மாட்டுங்காவுக்குத்தான். அம்மா ஒன்றையும் விடவில்லை. போன இடத்தில் எல்லாம் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தார். எனக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு போயிற்று. பின்சீட்டில் அய்யா முனகுவார்: "முதல் போட்ட பட்டறைக்குக்கூட நான் இத்தனை தடவை போனதில்லேடி."