சட்னி அரைக்காத வீடு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். சாமி கும்பிடுகிற விஷயத்தில் பொறாமைப்பட்டேன் என்று எப்படிச் சொல்வது?

தொண்ணூறுகளில் பெருங்களத்தூரில் ஒரே வீட்டின் இரண்டு போர்ஷனில் நாங்களும் இன்னொரு குடும்பமும் குடியிருந்தோம். அந்த வீட்டுப் பெண் என்னைவிடச் சின்னவள், வேலைக்கும் போகிறவள். ஆனாலும் தினமும் காலையில் அரை மணி நேரம் விளக்கின் முன் உட்கார்ந்து முருகன் பாட்டுப் பாடுவாள். நானோ மிக்சியை ஓட்டிக்கொண்டே ஊதுபத்தி கொளுத்துவேன். அவள் வீட்டு மணிச் சத்தம் கேட்டாலே எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் கேட்டே விட்டேன். “உனக்கு மட்டும் எங்கேருந்தும்மா நேரம் கிடைக்குது?”

“நான் காலையில சட்னி அரைக்கிறதில்லக்கா. இட்லிக்குப் பொடிதான். அவரு கேட்டா, முருகன்கிட்ட போய்ச் சொல்லுங்கன்னுடுவேன்.”

மறுநாள் நானும் மிக்சியைத் தொடாமல் விளக்கின் முன் உட்கார்ந்தேன்.

“என்னக்கா, மிக்சி ரிப்பேரா?” என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுவிட்டு அவள் பாட ஆரம்பித்தாள். மிக்சி ஓடாததால் அன்றுதான் அவள் குரலை முழுசாகக் கேட்டேன். அத்தனை இனிமை. அதற்கும் பொறாமைப்பட்டேன். ஆனாலும் எழுந்திருக்காமல் கூடவே பாடினேன்.

அன்று என் வீட்டுக்காரர் பொடியைத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, சட்னி எங்கே என்றுகூடக் கேட்காமல் ரயிலுக்கு ஓடினார். இத்தனை வருஷம் யாருக்காக அரைத்தேன் என்பது அந்த முருகனுக்குத்தான் தெரியும்.

படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். என் பொறாமையை மறைக்காமல், உள்ளது உள்ளபடியே சொல்லுங்கள்.