இரண்டு வாசல் பூங்கா

ஒப்பந்தக்காரரின் கொட்டகையில் வந்திறங்கியிருக்கும் புது பெஞ்சில் அந்த அம்மாள் காலை நீட்டிப் படுக்கப் பார்க்கிறார். முடியவில்லை. சரியாக இடுப்பு வருகிற இடத்தில் ஓர் இரும்புக் கைப்பிடி முளைத்திருக்கிறது.

“இந்தக் கம்பி எதுக்கு?”

“யாரும் படுத்துடக் கூடாதுன்னு மேலிடத்துல சொன்னாங்க, மேடம்.”

“உழைச்சு அலுத்தவன் மத்தியானம் கொஞ்ச நேரம் படுத்தா மேலிடத்துக்கு எங்க வலிக்குதாம்? அறுத்து எடுங்க. நான் இங்கயே நிக்கிறேன்.”

அறுத்து முடிகிறவரை நிற்கிறார். முடிந்ததும் நன்றி என்று ஒரு வார்த்தை கிடையாது. “இன்னும் எத்தனை பெஞ்சுல வெச்சிருக்கீங்க?” என்பதுதான் அடுத்த கேள்வி.

பூங்கா, பேருந்து நிறுத்தம், குழாயடி என்று நாலு பேர் கூடுகிற இடங்களை வரைந்து கொடுப்பது நகராட்சியில் அவருடைய வேலை. அலுவலகத்தில் வைத்த பட்டப்பெயர் ‘சண்டை’. மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் “சண்டை வருது” என்று ஆளுக்கொரு கோப்பைப் பிரித்து வைத்துக்கொள்கிறார்கள். இது அவருக்கும் தெரியும். “தெரிஞ்சுதான் பேசாம இருக்கேன். அப்படியாவது ஃபைலைத் திறக்கிறாங்களே!”

வீட்டில் அவருடைய வரைபடம் விரிகிற இடம் சாப்பாட்டு மேசை. உப்பு ஜாடி ஒரு மூலைக்குப் பாரம், சர்க்கரை டப்பா இன்னொரு மூலைக்கு. கணவர் தட்டைக் கையில் ஏந்தியபடி சமையலறை வாசலில் நிற்கிறார். “ஊருக்கெல்லாம் உட்கார இடம் போடுறா. கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் மட்டும் நின்னுக்கிட்டே சாப்பிடுறேன்” என்று, அலுவலகத்தில் அம்மாளுக்கு உதவிக்கு இருக்கும் என்னிடம் முறையிடுகிறார். அம்மாள் தலை நிமிரவில்லை.

இப்போது அந்த மேசையில் கிடப்பது ஒரு பழைய குப்பைமேடு. அதற்கு ஒரு பக்கம் அடுக்குமாடிகள், மறுபக்கம் தகர வீடுகள். இரண்டு பக்கத்தாரும் ஒருவரை ஒருவர் பார்த்ததுண்டு, பேசியதில்லை. பக்கத்துக்கு ஒரு வாசல் வைத்து, ஊஞ்சலை நட்டநடுவில் வரைந்திருக்கிறார். ஓரமாக வைத்தால் என்ன என்று கேட்டேன்.

“ஊஞ்சலுக்குப் பசங்க அடிச்சுக்கும். விலக்கிவிட அம்மாக்கள் வந்துதானே ஆகணும்? முதல்ல சண்டை போடட்டும். பேச்சு தானா வரும்.”

அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர் ஒருநாள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். “கண்டவங்களும் உள்ள வந்தா பார்க் என்னத்துக்கு ஆகும், மேடம்?”

“வரலைன்னா அதுக்குப் பேரு பார்க் இல்ல, சார். உங்க வீட்டுத் தோட்டம். அதை உங்க செலவுல போட்டுக்குங்க.”

தகர வீட்டுப் பெண்களிடம் மட்டும் தேன் ஒழுகப் பேசுவார் என்று நினைத்துவிடாதீர்கள். நட்ட செடியில் துணி உலர்த்தியதற்கு அவர்களும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். ஆனாலும் அந்தக் குப்பையை அள்ளிச் சுமந்தது அவர்கள். கொட்டியதில் முக்கால்வாசி மாடியிலிருந்து வந்தது.

பூங்கா எழும்பியது. திறப்பு விழா அன்று காலையில் போய்ப் பார்த்தால், தகர வீடுகள் பக்கத்து வாசலில் பூட்டு. மாடிப்பக்கத்து வாசல் மட்டும் தோரணம் கட்டித் திறந்து கிடந்தது.

அம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. நகராட்சி அதிகாரி அவரைத் தனியே அழைத்துப்போய்க் குழைந்தார். “சங்கத்துல கேட்டுக்கிட்டாங்க, மேடம். பாதுகாப்புக்காகத்தான். விழா முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம். நீங்களும் ரிட்டயர் ஆகப் போறீங்க. எதுக்கு வீண் வம்பு?”

“அப்புறம்னா எப்போ? பூட்டு துருப்பிடிச்சப்புறமா?”

நானும் பின்னாலேயே போய்க் கேட்டுக்கொண்டிருந்தேன். குப்பை அள்ளும்போது தேவைப்பட்ட கைகள், புல் முளைத்ததும் ஆபத்தான கைகளாகிவிட்டனவாம். இதைக் கொஞ்சமும் கூசாமல் பாதுகாப்பு என்கிறார்கள்.

விழா தொடங்கியது. நகராட்சித் தலைவர் ஒலிபெருக்கியில் ஒற்றுமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பூட்டிய கேட்டுக்கு வெளியே, இருப்பதில் நல்ல துணியை உடுத்திக்கொண்டு வந்த பெண்கள் நின்றார்கள். பிள்ளைகள் கம்பிகளுக்கிடையே முகத்தை அழுத்திக்கொண்டு ஊஞ்சலைப் பார்த்தார்கள்.

முன்வரிசையில் இருந்த அம்மாள் எழுந்தார். தாம் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியை ஒரு கையில் தூக்கிக்கொண்டார். அதிகாரி மேடைக்குப் போயிருந்ததால் காலியாகக் கிடந்த அவர் நாற்காலியை இன்னொரு கையில் எடுத்துக்கொண்டார். புல்தரையின் குறுக்கே நேராக நடந்தார். தலைவரின் பேச்சு ஒரு கணம் தடுமாறியது.

மார்பளவு உயரக் கேட். ஒரு நாற்காலியை அதற்கு மேலாக அந்தப் பக்கம் இறக்கிக் கொடுத்தார். மற்றதை இந்தப் பக்கம் கேட்டை ஒட்டிப் போட்டார்.

“ம், என்ன வேடிக்கை? ஒவ்வொருத்தரா ஏறி வாங்க.”

முன்னால் நின்ற பருமனான பெண் அந்தப் பக்கத்து நாற்காலியில் ஏறிவிட்டாள். கேட்டின்மேல் கையூன்றி, இந்தப் பக்கம் எட்டிப் பார்த்துத் தயங்கினாள். “ஆடும் போலிருக்கே, மேடம்!”

அம்மாள் புல்லில் மண்டியிட்டு, நாற்காலியின் கால்களை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.